ஸ்கேட்போர்டுக்கு எந்த பேரிங் வாங்குவது? ஏபெக் 9 வாங்கினால் வேகம் கூடுமா?

கடலோரம்:
வணக்கம். பெசன்ட் நகரில் ஸ்கேட்போர்டு ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன். 54 மி.மீ. வீல். போர்டோடு வந்த பேரிங் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது, வீலை விரலால் சுண்டிவிட்டால் ரெண்டு சுற்றோடு நின்றுவிடுகிறது. புதுசு வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினால் ஒன்றில் ஏபெக் 5, இன்னொன்றில் 7, 9, ஒருத்தர் 11 என்றுகூடப் போட்டிருக்கிறார். எல்லாரும் நல்லது என்று சொல்கிற, போன்ஸ் கம்பெனியின் ரெட்ஸ் பேரிங்கில் நம்பரே இல்லை. பக்கத்து ஹார்ட்வேர் கடை அண்ணனோ, 608 என்று கேட்டு எதை வாங்கினாலும் சேரும் என்கிறார். அவர் சொல்வது சரியா? நம்பர் கூடினால் வேகம் கூடுமா?

லேத் பட்டறை:
கடைக்காரர் சொன்னது அளவு வரைக்கும் சரி தம்பி. 608 என்றால் உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. ஸ்கேட்போர்டு வீலுக்கும் அதே அளவுதான், மோட்டாரில் இருக்கிற 608-ம் கச்சிதமாக உட்காரும்.

ஏபெக் என்பது வேகத்துக்கான நம்பர் இல்லை. உள்துளை, வெளிவிட்டம், அகலம், சுற்றும்போது வருகிற கோட்டம் இதெல்லாம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று சொல்கிற தரம், அவ்வளவுதான். 1, 3, 5, 7, 9 என்று ஐந்து படி. 11 என்று ஒரு படியே கிடையாது, அதைப் போட்டு விற்பவரிடம் எதையும் வாங்காதே. குண்டு எவ்வளவு வழவழப்பு, இரும்பு என்ன தரம், உள்ளே என்ன எண்ணெய், குண்டுக்கும் அது ஓடுகிற வளையத்தின் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, இதில் ஒன்றைப் பற்றியும் ஏபெக் பேசுவதில்லை. ஓட்டத்தைத் தீர்மானிப்பது இவைதான்.

கணக்காகவே பார். இந்த அளவில் ஏபெக் 1 பேரிங்கின் உள்துளை 8 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை குறையலாம், ஏபெக் 7 என்றால் 4 மைக்ரான். போர்டுக்கு அடியில் வீலைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தை டிரக் என்பார்கள்; நிறைய டிரக்குகளில் ஆக்ஸில், அதாவது வீல் மாட்டுகிற அச்சு, 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. 8 மி.மீ. துளைக்குள் அது போனால் அங்கேயே 60 மைக்ரான் ஆட்டம் இருக்கிறது. 60 மைக்ரான் ஆடுகிற இடத்தில் 4 மைக்ரான் துல்லியத்துக்கு எதற்குக் காசு? அப்புறம் வேகம்: 54 மி.மீ. வீல் மணிக்கு 20 கி.மீ. போனால் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றுதான் வரும். சாதாரண நல்ல கம்பெனி 608 அதைப் போலப் பத்து மடங்கு தாங்கும்.

உருளும் பலகை:
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மோட்டாரில் பேரிங் ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறது. நம் போர்டில் குதித்து இறங்குகிறோம், திருப்பும்போது பக்கவாட்டில் அமுக்குகிறோம். இந்த வகை பேரிங் மேலிருந்து வரும் பாரத்துக்குச் செய்தது, பக்கவாட்டு அடி அதற்கு ஆகாது. அதனால்தான் போன்ஸ்காரர்கள் ஏபெக் நம்பரே போடாமல் ‘ஸ்கேட் ரேட்டட்’ என்று தனியாகப் போடுகிறார்கள், உள் இடைவெளியும் குண்டைப் பிடிக்கிற கூடும் ஸ்கேட்டிங்குக்கு என்றே அமைத்தது.  பழகுகிறவருக்கு ரெட்ஸ் போதும். போன்ஸின் ஸ்விஸ் என்கிற பேரிங்கும் நல்ல சரக்குதான், ஆனால் பல மடங்கு விலை, பழகும்போது அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியாது.

ஸ்பேசர் போட்டிருக்கிறீர்களா? ஒரு வீலுக்குள் இருக்கிற ரெண்டு பேரிங்குக்கும் நடுவே 10 மி.மீ. குழாய் மாதிரி ஒன்று வரும். அது இல்லாமல் நட்டை இறுக்கினால் உள்வளையம் ரெண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்பட்டு, பேரிங் சாய்வாகப் பாரம் வாங்கும். வெளிப்பக்கம் ரெண்டிலும் சின்ன வாஷரும் வேண்டும், இல்லாவிட்டால் நட்டு பேரிங்கின் மூடியில் (ஷீல்டு) உரசும். புது பேரிங்குக்குச் செலவழிக்கும் முன் இதைப் பாருங்கள்.

சுண்டிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். பாரமே இல்லாத சுற்று அது. புது பேரிங்கில் கிரீஸ் கெட்டியாக இருந்தால் சீக்கிரம் நிற்கும், ஆனால் ஏறி நின்றால் நன்றாக ஓடும்.

கடலோரம்:
ரொம்ப நன்றி. பார்த்தேன், ரெண்டு வீலில் ஸ்பேசரே இல்லை! இன்னொரு சந்தேகம். இங்கே எலியட்ஸ் பீச் ஓரம்தான் ஓட்டுகிறேன், மணலும் உப்புக்காற்றும். துரு பிடிக்காது என்று செராமிக் வாங்கலாமா?

லேத் பட்டறை:
செராமிக் என்று விற்பதில் பெரும்பாலும் குண்டு மட்டும்தான் சிலிக்கான் நைட்ரைடு. குண்டு துருப்பிடிக்காது, சரி. அது ஓடுகிற வளையம் இரும்பு, அது பிடிக்கும். துருவேறிய பள்ளத்தில் அவ்வளவு கெட்டியான குண்டு ஓடினால் பள்ளம்தான் தேயும். உன் இடத்துக்கு ரப்பர் சீல் வைத்தது நல்லது, அட்டையில் 2ஆர்எஸ் என்று இருக்கும். இரட்டை இசட் என்றால் தகர மூடி, ஓரத்தில் இடுக்கு இருக்கும், நைசு மணல் நுழைந்துவிடும். சீல் கொஞ்சம் உரசும், வேகம் சிறிது குறையும். கடற்கரைக்கு அது பரவாயில்லை.

உருளும் பலகை:
வாங்குவதற்கு முன் இருப்பதைக் கழுவிப் பாருங்கள், கரகரப்பு பாதி நேரம் அழுக்குதான். நட்டைக் கழற்றி வீலை எடுத்து, பேரிங்கை ஆக்ஸில் நுனியில் மாட்டி வீலைச் சாய்த்து நெம்பினால் வந்துவிடும். ரப்பர் மூடியின் உள் ஓரத்தில் குண்டூசியை விட்டு மெதுவாகத் தூக்குங்கள், மடங்கிவிடக் கூடாது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் போட்டுக் குலுக்கினால் கறுப்புத் தண்ணீர் இறங்கும், தெளிவாக வரும்வரை மாற்றி மாற்றிக் குலுக்குங்கள். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுபிசுவென்று ஒட்டி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடல் பக்கம் ஓட்டுவதால் எண்ணெய்க்குப் பதில் கொஞ்சம் லேசான கிரீஸ் வைத்தால் உப்பு சீக்கிரம் உள்ளே போகாது.

கழுவிக் காயவைத்ததும், எண்ணெய் விடுவதற்கு முன், உள்வளையத்தை விரலில் மாட்டிப் பக்கவாட்டில் அழுத்தியபடி மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தட்டினால் வளையத்தில் குழி விழுந்துவிட்டது, அது இனி தேறாது. தட்டாததை எல்லாம் திரும்ப மாட்டுங்கள். மொத்தம் எட்டில் ரெண்டு மூன்று போயிருந்தால் முழு செட்டாக வாங்கிவிடுங்கள், நல்லதாகத் தேறியவை கைவசம் இருக்கட்டும். ஸ்பேசரையும் வாஷரையும் சேர்த்து ஆர்டர் போடுங்கள், நிறைய செட்டில் அவை வராது.