சிங்கப்பூரிலிருந்து மொத்தமாக ஊருக்கு வருகிறேன், வரி எப்படி?

பொன்னமராவதிக்காரன்:
பதினோரு வருஷமாக சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, நவம்பரில் மொத்தமாக ஊருக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். ஊரில் என்ஆர்இ எஃப்டி (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான ரூபாய் வைப்புநிதி) இருக்கிறது, இங்கே சேமிப்புக் கணக்கில் பணம், அப்புறம் கொஞ்சம் அமெரிக்க ஷேர். லீவுக்கு வருஷம் ஒரு தடவை மூன்று நான்கு வாரம் வருவதோடு சரி. கூட வேலை பார்ப்பவர், இந்தியாவில் 60 நாள் தாண்டினாலே இந்த வருஷ சிங்கப்பூர் சம்பளத்துக்கும் அங்கே வரி, அதனால் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடு என்கிறார். உண்மையா? பணத்தை அனுப்பினால் வரி பிடிப்பார்களா? கம்பெனி வேறு கடைசி சம்பளத்தை நிறுத்தி வைப்போம் என்கிறது.

காவிரிக்கரை:
தம்பி, உங்கள் நண்பர் சொன்னது பாதி விதி. 60 நாளோடு, அதற்கு முந்தைய நான்கு நிதியாண்டுகளில் மொத்தம் 365 நாளாவது இந்தியாவில் இருந்திருந்தால்தான் அது உங்களைப் பிடிக்கும். உங்கள் லீவையெல்லாம் கூட்டினாலும் 120 நாள் தாண்டாது, ஆக உங்களுக்கு 182 நாள் கணக்குதான். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 151 நாள். இந்த ஏப்ரலுக்குப் பிறகு லீவுக்கு வந்த நாட்களையும் (வந்த நாள், போன நாள் இரண்டும் சேர்த்து) கூட்டி 182-க்குக் கீழே இருந்தால் இந்த நிதியாண்டு முழுக்க நீங்கள் என்ஆர்ஐ, அங்கே வேலை பார்த்து வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி வராது. அப்பாவைப் பார்க்க வருவதைப் போய் பிப்ரவரிக்குத் தள்ளுவானேன்?

அதற்கடுத்த இரண்டு வருஷம் ஆர்என்ஓஆர், அதாவது வரிக் கணக்கில் உள்ளூர்வாசி, ஆனால் முழு உள்ளூர்வாசி இல்லை. முந்தைய பத்து வருஷத்தில் ஒன்பது வருஷம் என்ஆர்ஐயாக இருந்தவருக்குக் கிடைக்கும் சலுகை அது. அதுவரை வெளிநாட்டு வட்டி, ஷேர் லாபத்துக்கு இங்கே வரி இல்லை, ஆனால் விற்ற பணம் முதலில் சிங்கப்பூர் கணக்கில் விழ வேண்டும், நேராக இந்தியக் கணக்கில் வாங்கினால் வில்லங்கம். சேர்த்து வைத்த பணத்தை அனுப்புவது வருமானமே கிடையாது, எவ்வளவு அனுப்பினாலும் சரி. சம்பளச் சீட்டுகளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
சம்பளம் நிறுத்துவது சட்டப்படிதான் ப்ரோ, பயப்படாதீங்க. வெளிநாட்டுக்காரர் வேலையை விட்டால் கம்பெனி ஒரு மாதம் முன்பே ஐராஸுக்கு (சிங்கப்பூர் வரித்துறை) ஐஆர் 21 படிவம் அனுப்பி, கொடுக்க வேண்டிய பணத்தையெல்லாம் பிடித்து வைக்க வேண்டும். வரி போக மிச்சம் வந்துவிடும். அதற்குள் வங்கிக் கணக்கை மூடிவிடாதீங்க.

பழைய வங்கிக்காரி:
எல்லோரும் கோட்டை விடுவது என்ஆர்இயில்தான். வருமான வரிக்கு என்ஆர்ஐயாக இருந்தாலும், ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நிரந்தரமாகத் தங்க வந்து இறங்கிய நாளிலிருந்தே நீங்கள் உள்ளூர்வாசி. என்ஆர்இ வட்டிக்கு வரிவிலக்கு ஃபெமா அந்தஸ்தைப் பொறுத்தது, அதனால் அந்த வட்டிக்கு அன்று முதல் வரி உண்டு. ஆர்என்ஓஆர் என்று சொல்லித் தப்ப முடியாது. வங்கியில் சொல்லி சாதாரணக் கணக்காகவோ ஆர்எஃப்சி கணக்காகவோ (ஊர் திரும்பியவர்கள் வெளிநாட்டுப் பணமாகவே வைத்திருக்கும் கணக்கு) மாற்றியே ஆக வேண்டும்.

கையில் இருக்கும் டாலரை வருவதற்கு முன்பே எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டில் (என்ஆர்ஐகள் வெளிநாட்டுப் பணமாகவே போடும் வைப்புநிதி) போட்டால் முதிர்வு வரை அப்படியே ஓடும், ஆர்என்ஓஆர் காலம் முடியும்வரை வட்டிக்கு வரி இல்லை. ஆர்எஃப்சி வட்டிக்கும் அப்படித்தான்.

பொன்னமராவதிக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. இன்னொன்று. கம்பெனி இன்னும் ஒரு வருஷம் ஊரிலிருந்தே வேலை பார்க்கச் சொல்கிறது, சம்பளம் சிங்கப்பூர் கணக்குக்கே வரும். ஆர்என்ஓஆர் என்பதால் இதற்கும் வரி இல்லைதானே?

காவிரிக்கரை:
இல்லை தம்பி. பொன்னமராவதியில் உட்கார்ந்து செய்த வேலைக்கு எந்த நாட்டுக் கணக்கில் சம்பளம் விழுந்தாலும் அது இந்திய வருமானம். முதல் சில மாதத்துக்கு இரு நாட்டு ஒப்பந்தத்தில் வழி இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள், ஏப்ரலுக்கு மேல் நம்பாதீர்கள். சிங்கப்பூர் கம்பெனி இங்கே டிடிஎஸ் (சம்பளத்திலேயே கழிக்கும் வரி) பிடிக்காது என்றால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளுக்குள் முன்கூட்டிய வரியை நீங்களே கட்டிவிடுங்கள், விட்டால் வட்டி போடுவார்கள்.