நடத்தை மாற்றமா, பழக்க மாற்றமா?

அன்புள்ள குழுமத்தினருக்கு,
வளரும் நாடுகளின் நலப்பணியாளர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கெடு. ‘பிஹேவியர் சேஞ்ச் கம்யூனிகேஷன்’, அதாவது நலம் காக்கும் செயல்களை மக்கள் மேற்கொள்ளும்படி அவர்களிடம் பேசும் பணி, பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘நடத்தை மாற்றத் தகவல்தொடர்பு’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

மறுமொழி:
நடத்தை வேண்டாம், அம்மா. ஒரு பெண்ணின் நடத்தை என்று பேச்செடுத்தாலே ஊர் வேறு பொருள் கொள்ளும். கைகழுவச் சொல்ல வருபவரின் அடையாள அட்டையில் ‘நடத்தை மாற்றப் பணியாளர்’ என்றிருந்தால் எந்த வீட்டில் கதவு திறக்கும்? ஒழுக்கமும் ஆகாது. நீர் ஒழுகுவதும் மனிதர் ஒழுகுவதும் ஒரே வேர்தான். ஆனால் உயிரினும் ஓம்ப வேண்டியது என்று குறள் சொன்னபின் அதில் அறம் ஏறிவிட்டது. பழக்கம் என்பதே போதும்.

மறுமொழி:
பழகினால்தான் பழக்கம். குழந்தைக்குத் தடுப்பூசி போட ஒருநாள் எடுக்கும் முடிவு எப்படிப் பழக்கமாகும்? உளவியல் நூல்களில் நிலைத்த சொல் நடத்தை. அதை ஊர்வாய்க்கு அஞ்சிக் கைவிடக் கூடாது.

மறுமொழி:
எனக்கு உறுத்துவது ‘தகவல்’. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தினர் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகச் சென்று, வயிற்றுப்போக்குக்கு மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர் கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பின்னர் சோதித்து, அதற்கேற்பவே பணியாளருக்கு ஊதியம். அப்படியும், செய்முறை தெரிந்த பலர் தொடக்கத்தில் அந்தக் கரைசலைக் கொடுக்கவில்லை. ஆண்களிடமும் பேச வேண்டியிருந்தது. தகவல் போய்ச் சேர்ந்ததே, பழக்கம் மாறியதா? ‘தொடர்பாடல்’ என்போம். உரையாடல், சொல்லாடல் போல, ஆடல் என்றாலே இருவர் வேண்டும்.

மறுமொழி:
நீராடலுக்கும் இருவர் வேண்டுமா, ஐயா? தள்ளாடலுக்கு? ஆடு என்பது இங்கே வினையாக்கும் துணைச்சொல், அவ்வளவுதான். ‘கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்’ என்ற குறளிலிருந்து ‘வேட்பமொழி’ என்று ஆக்கலாமே. காதில் வாங்காதவரையும் விரும்ப வைக்கும் பேச்சு. இதைவிடப் பொருத்தமாக யார் சொல்ல முடியும்?

மறுமொழி:
அழகுதான். ஆனால் வேட்ப என்றால் விரும்ப என்று அடிக்குறிப்பு போட வேண்டும். களத்தில் நிற்பவர் அடிக்குறிப்பு படிக்க மாட்டார்.

அனைவருக்கும்:
மூவர் ஆதரித்த ‘பழக்க மாற்றத் தொடர்பாடல்’ என்றே கையேட்டில் இட்டுவிட்டேன். நன்றி.

மறுமொழி:
தடுப்பூசி இயலிலுமா, அம்மா? அங்கு மட்டுமாவது ‘நடத்தை’ இருக்கட்டும்.