அசம்ப்ஷன்: எடுகோளா, அனுமானமா? (வெள்ளிக்குள் தேவை)

அன்புள்ள குழுவினருக்கு,

குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழ்வழியில் படித்துவிட்டு அதை எழுதுகிறவர்களுக்கு ஒரு விளக்கக் கையேடு தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு சொல்லில் வேலை நிற்கிறது: ஆங்கிலத்து அசம்ப்ஷனுக்கு (assumption) எடுகோள் என்று போடுவதா, அனுமானம் என்று போடுவதா?

கையேட்டில் உள்ள கேள்வி: 2016 ஜனவரியில் தில்லி அரசு, காற்று மாசைக் குறைக்க, ஒற்றைப்படை எண் கார்கள் ஒற்றைப்படைத் தேதியிலும் இரட்டைப்படை எண் கார்கள் இரட்டைப்படைத் தேதியிலும்தான் ஓடலாம் என்றது. இருசக்கர வண்டிகளுக்கு விலக்கு. இந்தத் திட்டம் சொல்லாமல் நம்பியிருப்பது எது? விடை: 'காரை எடுக்க முடியாத நாளில் மக்கள் அதே அளவு புகைவிடும் வேறு வண்டிக்கு மாறமாட்டார்கள்.' இதை மறுத்துப் பாருங்கள், திட்டம் படுத்துவிடும். அதனால்தான் அது அசம்ப்ஷன்.

வகுப்பில் இதையும் அனுமானம் என்கிறோம், இன்ஃபரன்ஸையும் (inference) அனுமானம் என்கிறோம். ஒன்று வாதத்துக்கு அடியில் இருப்பது, மற்றது வாதத்திலிருந்து வருவது. பிள்ளைகள் இரண்டையும் குழப்பித் தப்பான விடையைக் குறிக்கிறார்கள்.

– க.

*

எடுகோள் என்றே போடுங்கள். கெடு கேடு ஆவதுபோல் கொள் கோள் ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர். மேற்கோள், குறிக்கோள், கருதுகோள் என்று ஒரு குடும்பமே இருக்கும்போது வடசொல் எதற்கு? வானத்துக் கோளும் இதே கொள்ளில் பிறந்தது என்பது என் துணிபு. கிரகம் என்பதற்கும் பற்றுதல்தானே வேர்ப்பொருள்?

– மா.

*

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே உயர்தர வகுப்புப் (பள்ளி இறுதி) பொருளியலில் எடுகோள் பழகிய சொல். மாணவர் யாரும் தடுமாறுவதில்லை. இன்ஃபரன்ஸுக்கு உய்த்தறிதல் என்போம். புதிதாக ஒன்றும் ஆக்கத் தேவையில்லை.

– ந.

*

ஒரு பழைய சொல்லை மறந்துவிட்டோம். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது உண்மையை அறியும் வழிகளை, அடுக்குகிறான். அவற்றில் ஒன்று அருத்தாபத்தி. ஆயர் குடியிருப்பு கங்கையில் இருக்கிறது என்றால், ஆற்றுக்குள் இருக்க முடியாது, கரையில் என்று கொள்ளவேண்டும். சொன்னது நிற்க, சொல்லாத ஒன்று உண்மையாக இருந்தாக வேண்டும். தில்லிக் கேள்வியும் இதைத்தானே கேட்கிறது? தமிழ் வடிவம் வேண்டுமென்றால் தொல்காப்பிய மரபியல் உத்திகளில் உள்ள 'உய்த்துக்கொண்டு உணர்தல்' இருக்கிறது.

– சு.

*

சு. ஐயா, அருத்தாபத்தி அருமையான பொருத்தம், மறுக்கவில்லை. ஆனால் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும் பிள்ளையிடம் அதைச் சொன்னால் அதுவே தனிப் பாடமாகிவிடும். 'உய்த்து' என்று தொடங்கினால் மறுபடி இன்ஃபரன்ஸ் பக்கமே போய்விடுகிறோம்; ந. அவர்கள் அதைத்தான் இன்ஃபரன்ஸுக்குச் சொல்கிறார்.

எடுகோளிலும் எனக்குத் தயக்கம் உண்டு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை மேற்கோளுக்குத் தம்பி என்று நினைப்பார்கள். அனுமானம் அவர்கள் வாயில் இருக்கிற சொல்.

அப்புறம், இன்னொரு வகைக் கேள்வியையும் யோசியுங்கள்: 'திட்டம் பலிக்குமா என்று மதிப்பிட எதைத் தெரிந்துகொள்வது உதவும்?' மெக்சிகோ நகரம் 1989இல் எண்பலகையின் கடைசி இலக்கத்தை வைத்து வாரத்தில் ஒரு நாள் காரை நிறுத்தச் சொன்னது. பல வீடுகளில் இன்னொரு கார் வாங்கிவிட்டார்கள். 'இரண்டாவது கார் வாங்குவார்களா?' என்பது அங்கே கேள்வி. 'வாங்கமாட்டார்கள்' என்பது அசம்ப்ஷன். கேள்வியாகக் கேட்டாலும் கூற்றாகச் சொன்னாலும் ஒரே சொல் பொருந்தவேண்டும்.

– தே.

*

எல்லாருக்கும் நன்றி. தே. அம்மா சொன்ன மெக்சிகோவைத் தில்லிக்கு அடுத்த பயிற்சியாகச் சேர்த்துவிட்டேன். தலைப்பில் 'சொல்லா எடுகோள்', உள்ளே எடுகோள், முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் அசம்ப்ஷன். இன்ஃபரன்ஸுக்கு உய்த்தறிதல். அனுமானத்தை இரண்டுக்கும் பயன்படுத்தவில்லை. அருத்தாபத்தி முன்னுரையில் ஒரு பத்தி.

– க.

*

சரி, அச்சுக்குப் போகட்டும். ஆனால் 'சொல்லா' என்ற அடை எதற்கு? கேள்வித்தாளில் சில இடங்களில் எடுகோளை வெளிப்படையாகவே எழுதிவிடுகிறார்களே! அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடுங்கள்.

– மா.

*

எடுக்கக்கூடாது. பிள்ளைக்கு வழிகாட்டுவது அந்த அடைதான். அனுமானத்தையும் அடைப்புக்குறிக்குள்ளாவது வைத்திருக்கலாம் என்றே இன்னும் நினைக்கிறேன்.

– தே.