காப்பகத்தில் இருக்கும் பெண்ணின் முகவரியை ஸ்டேஷனுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி (மகளிர் அமைப்பு ஊழியர்)
கணவன் கழுத்தை நெரித்ததால் இரண்டு பிள்ளைகளோடு எங்களிடம் வந்த பெண்ணை வேறு மாவட்டத்தில் ஒரு காப்பகத்தில் சேர்த்திருக்கிறோம். அந்த ஆள் இப்போது 'மனைவியைக் காணவில்லை' என்று புகார் கொடுத்துவிட்டான். தினமும் ஸ்டேஷனிலிருந்து போன், "எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க மேடம், கேஸை முடிச்சிடலாம்." அந்த ஸ்டேஷனிலேயே அவனுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். சொல்லாவிட்டால் எங்கள் மேல் ஏதாவது வருமா? குடும்ப வன்முறைச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் எவ்வளவு சொல்லலாம்?

வழக்கறிஞர், மதுரை
"எங்களுக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லாதீர்கள், பின்னால் சிக்கல். அவர் மேஜர், விருப்பப்பட்டுத்தான் வந்திருக்கிறார் என்று அவரே ஒரு வக்கீலோடு போய் வாக்குமூலம் கொடுத்தால் காணவில்லை புகார் அதோடு முடிந்தது. எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006 விதிகளில் 16ஆவது விதிப்படி, பெண் கேட்டுக்கொண்டால் அவர் அங்கே இருப்பதைக் காப்பகம் வெளியே சொல்லக்கூடாது. அதை இன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது, நடந்ததை எழுதி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பும் குடும்ப வன்முறை அறிக்கையில்தான். அதற்கான முதல் படிவத்தில் 'தற்போதைய முகவரி' என்று ஒரு இடம் இருக்கும், அதன் நகல் போவதோ வன்முறை நடந்த எல்லைக்குள் இருக்கும் ஸ்டேஷனுக்கு, அதாவது உங்களுக்குப் போன் போடுகிற அதே ஸ்டேஷனுக்கு. அங்கே வக்கீல் முகவரியைக் கொடுங்கள். பாதுகாப்பு கேட்டு மாஜிஸ்ட்ரேட்டிடம் போடும் மனுவைக் காப்பகம் இருக்கிற ஊர் கோர்ட்டிலும் போடலாம், அந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது, ஆனால் நோட்டீஸ் கையில் கிடைத்ததுமே அவனுக்கு ஊர் தெரிந்துவிடும்.

முன்னாள் ஆலோசகர்
வக்கீல் சார் சொல்வது சரி, ஆனால் பயந்துகொண்டு எல்லாவற்றையும் மூடி மறைக்காதீர்கள். கழுத்தை நெரித்தவன் அடுத்த தடவை கொலைவரை போகிற ஆபத்து அதிகம். "அடித்தார்" என்று ஒற்றை வரியில் எழுதினால் பாதுகாப்பு அலுவலருக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் அது எப்படிப் புரியும்? எத்தனை தடவை, மயக்கம் வந்ததா, குரல் மாறியதா, எல்லாம் விவரமாகப் போகட்டும். அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிற கொடுமையும் குறையும். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று முதலில் அவளிடம் கேளுங்கள்.

பெயர் வேண்டாம்
என் விஷயத்தில் போலீஸ் வாயே திறக்கவில்லை. பையனைப் புதுப் பள்ளியில் சேர்க்க எமிஸ் நம்பரை (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குக் கொடுக்கும் அடையாள எண்) மாற்றக் கேட்டோம், பழைய பள்ளி ஆபீஸில் இருந்தவர் "உங்க பையன் இந்த ஸ்கூலுக்குப் போறான்" என்று அவன் அப்பாவிடமே சொல்லிவிட்டார்! பேங்க் எஸ்.எம்.எஸ். யார் போனுக்குப் போகிறது என்றும் பாருங்க அக்கா. எந்த ஏடிஎம்மில் பணம் எடுத்தாலும் அவனுக்குத் தெரியும்.

கேள்வி கேட்டவர்
ஐயோ, அவங்க அக்கவுண்ட் அவன் நம்பரில்தான் இருக்கு. நாளைக்கே மாற்றச் சொல்கிறேன். பிள்ளைகளைக் கேட்டு அவன் வந்தால்?

வழக்கறிஞர், மதுரை
அவன் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனு, போடலாம். போட்டால் அந்தப் பெண் பிள்ளைகளோடு நீதிபதி முன்னால் ஆஜராக வேண்டியிருக்கும், அதற்காக ஸ்டேஷனுக்கு முகவரி கொடுக்க வேண்டியதில்லை. கோர்ட்டுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று சீலிட்ட கவரில் கொடுக்க அனுமதி கேட்கலாம். அதற்குள் மாஜிஸ்ட்ரேட்டிடம் பாதுகாப்பு கேட்கும் அந்த மனுவையும் (12ஆவது பிரிவு) பிள்ளைகளுக்கான தற்காலிகப் பொறுப்பையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.