டினோ சோஃப்: இந்த மனுசனை நீங்க மொதல்ல எங்க பாத்தீங்க? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பழைய_கீப்பர்:

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், இன்னிக்கு லீவு, உக்காந்துட்டேன். நான் காலேஜ்ல கோல்கீப்பர். உடனே பெருசா நெனச்சுக்காதீங்க, மூணு வருஷமும் பெஞ்சைத் தேய்ச்சதுதான் ஜாஸ்தி. காரணம் உயரம், அஞ்சடி அஞ்சங்குலம். செலக்சன் அன்னிக்கு பி.டி. சார் என்னைய போஸ்ட்டுக்குக் கீழ நிக்க வச்சு, மேல குறுக்குக் கம்பியைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, மறுபடி கம்பியைப் பாத்தாரு. "தம்பி, நீ கேரம் போர்டு பேரு குடுத்திருக்கலாமே"ன்னாரு. கிரவுண்டே சிரிச்சுச்சு.

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் மாடியில சீனியர் ஒருத்தர் சொல்லித்தான் இத்தாலி கோல்கீப்பர் சோஃப் பேரையே கேள்விப்பட்டேன். இத்தாலியோட வடகிழக்கு மூலையில ஃப்ரியூலின்னு ஒரு பகுதி, அங்க மரியானோன்னு சின்ன ஊரு, 1942ல பொறந்தவர், விவசாயக் குடும்பம். 14 வயசுல இன்டர் மிலான்னு பெரிய கிளப்புல போய் நின்னா குள்ளம்னு திருப்பி அனுப்பிட்டாங்க, இன்னொரு பெரிய கிளப்பு யுவென்டஸ்லயும் அதே பதில். வீட்டுக்கு வந்த பையனுக்கு பாட்டி தினமும் முட்டை முட்டையா குடுத்து வளத்தாங்களாம், அது முட்டையோ வயசோ, கிடுகிடுன்னு வளந்து 1.82 மீட்டர், கிட்டத்தட்ட ஆறடி வந்துட்டாரு. வேணாம்னு சொன்ன அதே யுவென்டஸ்ல பின்னாடி 11 வருஷம் ஆடி ஆறு லீக் டைட்டில் ஜெயிச்சாரு. இதைக் கேட்டுட்டு நானும் மெஸ்ஸுல தினம் ரெண்டு முட்டை எக்ஸ்ட்ரா வாங்கித் தின்னேன், மூணு மாசம். உயரம் ஒரு நூல் ஏறல, மெஸ் பில்லு மட்டும் ஏறுச்சு.

எனக்கு அவரோட சாதனைகளை விட மொத மேட்ச் கதைதான் ரொம்பப் புடிக்கும். 1961 செப்டம்பர், உதினேசே கிளப்புக்காக முதல் தடவை டாப் டிவிஷன்ல, ஃபியோரென்டினா கிளப்பு கூட, அஞ்சு கோல் வாங்கிட்டாரு. அதோட முடிஞ்சுதான்னா இல்ல, அப்பல்லாம் தியேட்டர்ல படத்துக்கு முன்னாடி நியூஸ் ரீல் ஓட்டுவாங்கல்ல, கொஞ்ச நாள் கழிச்சு படம் பாக்கப் போனா திரையில இவரு வாங்குன கோலு ஓடுது. சீட்டுக்குள்ள அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டாராம். கீப்பரா நின்ன யாருக்கும் அந்த சீட்டு தெரியும்.

ஆனா நான் அவரை "பாத்தது" யூடியூப்லதான். 1982 உலகக் கோப்பை, ஜூலை 5, பார்சிலோனா, இத்தாலி – பிரேசில். எல்லாரும் இத்தாலிக்காரன் ரோஸியோட மூணு கோலைத்தான் பேசுவாங்க. நான் பாக்குறது கடைசி நிமிஷத்தை மட்டும். ஸ்கோர் 3-2, பிரேசிலுக்கு டிரா போதும், செமிஃபைனல் போயிரும். லெஃப்ட்ல இருந்து ஃப்ரீகிக் வருது, பிரேசில்காரன் ஆஸ்கார் தலையால முட்டுறான், பந்து மூலைக்குப் போகுது, சோஃப் விழுந்து புடிக்கிறாரு. தட்டி விடல சார், புடிக்கிறாரு, கோட்டு மேலயே அமுக்கிக்கிட்டு கிடக்குறாரு. ஏன் தட்டலன்னு கேட்டீங்கன்னா, தட்டுனா அது ரீபவுண்டு, முன்னாடி பிரேசில்காரன் நாலு பேர் நிக்கிறான், அந்தக் கூட்டத்துல எவன் காலுக்குப் போகும்னு யாருக்குத் தெரியும். ஆனா புடிச்சதுல வேற ஆபத்து, பந்து கோட்டைத் தாண்டிருச்சுன்னு பிரேசில்காரங்க கையைத் தூக்கிட்டாங்க. ரெஃப்ரி என்ன சொல்லப் போறாருன்னு தெரியாம அந்த ஒண்ணு ரெண்டு செகண்டு. அப்ப சோஃபுக்கு வயசு 40. நான் அந்த வீடியோவை ஒரு இருநூறு தடவையாவது பாத்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் கோல் ஆயிருமோன்னு வயிறு கலங்கும்.

சரி, நீங்க சொல்லுங்க.

ஸ்டாம்ப்_ஆல்பம்:

எனக்கு ஃபுட்பால் சுத்தமா தெரியாதுங்க, ஆனா இந்த மனுசனோட கை என்கிட்ட இருக்கு. நெசமாத்தான். 1982ல இத்தாலி உலகக் கோப்பை ஜெயிச்சதுக்கு அவங்க தபால் துறை ஒரு ஸ்டாம்ப் விட்டுச்சு, 1000 லிரா, ரெனாத்தோ குத்தூசோன்னு பெரிய ஓவியர் வரைஞ்சது. கப்பைத் தூக்கிப் புடிச்ச ரெண்டு கை, அவ்வளவுதான். ஸ்கூல் படிக்கிறப்ப ஒருத்தன்கிட்ட மூணு ஹங்கேரி ஸ்டாம்ப் குடுத்து மாத்துனேன், ஏமாந்துட்டேன்னு நெனச்சு ரெண்டு நாள் சோறு எறங்கல. யாரு கைன்னே ரொம்ப வருஷம் தெரியாது. அப்புறம்தான் ஒருத்தர் சொன்னாரு, அது கேப்டன் சோஃபோட கைன்னு. கோல்கீப்பர்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, கையால விளையாடுறவன் ஒருத்தன்தானே அந்த டீம்ல.

குசினிக்காரன்_சூரிச்:

நான் 91 இல சுவிஸுக்கு வந்தனான். வந்த நாளில இருந்து இத்தாலியன் ரெஸ்டோரண்ட் குசினிதான். முதல் கோப்பை கழுவினது, பிறகு சலாட், பிறகு பீட்சா. எங்களோட ஒரு வயசு போன இத்தாலியர் வேலை செய்தவர், தம்பி சொன்ன அதே ஃப்ரியூலிப் பக்கம். தெற்குப் பக்கத்து ஆக்கள் வாய் ஓயாமல் கதைப்பினம், இவர் காலமை வந்து "சாவ்" (வணக்கத்துக்கும் போயிட்டு வாறதுக்கும் அவையின்ர சொல்) எண்டால் பிறகு இரவு போகேக்கதான் அடுத்த "சாவ்". நான் ஒருக்கா கேட்டன், ஏன் ஐயா ஒண்டும் கதைக்கிறியள் இல்லை எண்டு. சுவரில ஒட்டியிருந்த பழைய படத்தைக் காட்டினார். பிளேனுக்குள்ள நாலு பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கினம், மேசையில உலகக் கிண்ணம். அதில ரெண்டு பேர் எங்கட ஊர்ப்பக்கம் எண்டார், ஒண்டு சோஃப், மற்றது 82 டீம் கோச் பெயர்ஸோட். மற்ற ரெண்டு பேரும் டீமில ஆடின கௌசியோவும் இத்தாலி ஜனாதிபதி பெர்த்தினியும். பெர்த்தினியும் சோஃபும் ஒரு சோடி, அவையள் தோத்துப் போச்சினம், ஜனாதிபதி சோஃபைத்தான் ஏசினவராம். உலகக் கிண்ணம் வென்ற மனுசனுக்கு அடுத்த நாளே ஏச்சு.

இன்னுமொரு கதையும் அவர்தான் சொன்னவர். அந்த 82 இல முதல் மூண்டு மேட்சும் டிரா, பேப்பர்க்காரர் கண்டபடி எழுத, டீம் முழுக்க பத்திரிகையோட கதைக்கிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டினம். கேப்டன் மட்டும் கதைக்கிறது எண்டு ஏற்பாடு. அந்த டீமிலயே ஆகக் குறைவாக் கதைக்கிற ஆள் ஆர் எண்டு பாத்தால் அதே கேப்டன்தான்.

இப்ப என்ர சங்கதிக்கு வாறன். 2000 ஆம் ஆண்டு ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை, ஐரோப்பியக் கிண்ணம் (யூரோ) ஃபைனல், இத்தாலியும் பிரான்ஸும், ரொட்டர்டாமில. சோஃப் அப்ப இத்தாலிக்கு கோச். முதலாளி ஹோலுக்குள்ள பெரிய டிவி வைச்சிட்டார், குசினிக்குள்ள எங்களுக்கு ஒரு சின்னப் பெட்டி, அதில பந்து தெரியாது, ஆக்கள்தான் தெரியும். 55 ஆவது நிமிசம் இத்தாலிக்கு டெல்வெக்கியோ கோல் அடிச்சான். அதுக்குப் பிறகு இத்தாலியின்ர டெல் பியேரோவுக்கு ரெண்டு நல்ல சான்ஸ், ரெண்டையும் தவறவிட்டான். 90 முடிஞ்சுது, இன்ஜுரி டைம் ஓடுது, இத்தாலி பெஞ்சில இருந்தவை எல்லாரும் தோளில கை போட்டுக்கொண்டு கிரவுண்டுக்குள்ள ஓட ரெடியா நிக்கினம். ஹோலுக்குள்ள ஷாம்பெயின் போத்தில் எடுத்தாச்சு. நான் பீட்சா அடுப்புக்குள்ள நாலு பீட்சா வைச்சிட்டுத் திரும்புறன், பிரான்ஸ் கீப்பர் நீட்டி அடிச்ச பந்து, தலையில பட்டு விழுந்து, வில்தோர் இடக்காலால அடிச்சான், இத்தாலி கீப்பர் டோல்டோவுக்குக் கீழால கோலுக்குள்ள போட்டுது. ஹோலுக்குள்ள ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லாததைத்தான் நான் முதல்ல கேட்டனான், பிறகுதான் டிவியைப் பாத்தனான். நாலு பீட்சாவும் கரி. எக்ஸ்ட்ரா டைமில பிரான்ஸின்ர திரெஸகே கோல்டன் கோல், அதாவது அடிச்ச உடன மேட்ச் முடியிற கோல், அடிச்சு முடிச்சுவிட்டான்.

அடுத்த நாள் பெர்லுஸ்கோனி, அப்ப எதிர்க்கட்சித் தலைவர், மிலான் கிளப் முதலாளியும் அவர்தான், பகிரங்கமா பேசினார். பிரான்ஸ் ஸ்டார் ஸிடானுக்கு ஒரு ஆளைப் போட்டு மறிக்கிறதுக்கு ஒரு கத்துக்குட்டிக்குக்கூடத் தெரியும் எண்ட மாதிரி. ஜூலை 4, சோஃப் ராஜினாமா. கௌரவத்தைப் பற்றி பெர்லுஸ்கோனியிட்டப் பாடம் படிக்கத் தேவையில்லை எண்ட மாதிரி ஒரு வசனம் சொல்லிப்போட்டுப் போட்டார். அண்டைக்கு எங்கட ஐயா வேலைக்கு வந்தவர், ஏப்ரன் கட்டினவர், பேப்பரை மேசையில விரிச்சு வைச்சார், ஒரு சொல் இல்லை. பின்னேரம் போகேக்க மட்டும் என்ர தோளில தட்டி "ப்ராவோ டினோ" எண்டார். எனக்கு இல்லை, பேப்பருக்கு.

ரெட்கார்டு:

அண்ணே கதை செம. ஆனா ஒண்ணு சொல்லட்டா, கோச்சா அவரை ஓவரா தூக்குறோமோன்னு தோணுது. அந்த யூரோல ஹாலந்து கூட ஆடுன செமிஃபைனல் நான் பாத்தேன், சும்மா கோட்டைக்குள்ள உக்காந்துக்கிட்டு தப்பிச்சாங்க. மேட்ச்ல ரெண்டு பெனால்ட்டி ஹாலந்துக்கு, ஒண்ணு டோல்டோ புடிச்சான், ஒண்ணு க்ளைவெர்ட் போஸ்ட்டுல அடிச்சான். அது பிளானா, லக்குதானே? ப்ளேயரா அவரு லெஜண்டு, அதுல எனக்கு சண்டை இல்ல. ப்ளேயரா இருந்தப்பவும் 78 உலகக் கோப்பையில தூரத்துல இருந்து அடிச்ச அடியெல்லாம் உள்ள போச்சு, ஹாலந்துக்காரன் ஹான் அடிச்சதைப் பாருங்க, எங்கிருந்து அடிக்கிறான். அப்பவே கண்ணு மங்கிருச்சுன்னு பேப்பர்ல எழுதுனாங்களாமே.

குசினிக்காரன்_சூரிச்:

தம்பி, அந்த செமிஃபைனலில இத்தாலியின்ர ஸம்ப்ரோட்டாவுக்கு 34 ஆவது நிமிசமே ரெட் கார்ட். மிச்சம் முழுக்க பத்துப் பேர், எக்ஸ்ட்ரா டைமும் சேத்து. உங்கட பேரே ரெட்கார்டு, உங்களுக்கு விளங்க வேணும் :) கோட்டைக்குள்ள இருக்காமல் வேற எங்க இருக்கிறது?

பழைய_கீப்பர்:

ஹாஹா அண்ணே, சரியான அடி.

ரெட்கார்டு ப்ரோ, லக்குன்னே வச்சுக்குவோம். ஆனா டோல்டோ ஒண்ணாம் நம்பர் கீப்பரே கிடையாது, தெரியுமா? டோர்னமெண்டுக்கு சில நாள் முன்னாடி நார்வே கூட ஃப்ரெண்ட்லியில மெயின் கீப்பர் பஃபோனுக்குக் கையில எலும்பு முறிஞ்சுருச்சு. பெஞ்ச்ல இருந்தவன் வந்து நின்னான், செமிஃபைனல்ல மேட்சுக்குள்ள ஒண்ணு, ஷூட்டவுட்ல ரெண்டுன்னு பெனால்ட்டி புடிச்சான். பெஞ்ச்ல உக்காந்த கீப்பரை எப்படித் தயாரா வச்சிருக்கணும்னு ஒரு கீப்பர் கோச்சுக்குத் தெரியும்னு நான் சொல்றேன், இது என் சொந்தப் பாசம்னும் வச்சுக்கலாம்.

78 விஷயம் உண்மைதான், அப்ப 36 வயசு, முடிஞ்சான்னு எழுதுனாங்க. நாலு வருஷம் கழிச்சு அதே ஆள் கப்பைத் தூக்குறாரு. கீப்பர் வாழ்க்கையே இப்படித்தான் ப்ரோ. 1972 செப்டம்பர்ல இருந்து 74 ஜூன் வரைக்கும் நாட்டுக்காக ஆடுன மேட்ச்ல 1142 நிமிஷம் ஒரு கோல் வாங்கல. அதை உடைச்சது ஜெர்மனியா பிரேசிலான்னா இல்ல, ஹைத்தி! இம்மானுவேல் சனோன்னு ஒருத்தன், உலகக் கோப்பையில, மியூனிக்ல, தனியா ஓடி வந்து சோஃபைச் சுத்திப் போய்ப் போட்டான். மேட்ச் இத்தாலிதான் 3-1 ஜெயிச்சுச்சு, அதை யாரு ஞாபகம் வச்சிருக்கா.

கோச்சா அவருக்கு நடந்ததுல என்னைய உறுத்துறது யூரோ இல்ல. 1990ல அவரு யுவென்டஸுக்குக் கோச்சா இருந்தப்ப நடந்தது. அந்த வருஷம் இத்தாலிக் கோப்பை ஜெயிச்சாரு, ஃபைனல்ல மிலானை அவங்க ஊர்லயே வச்சு. ஃபியோரென்டினாவைத் தோக்கடிச்சு யூஈஎஃப்ஏ கப்பும், அதாவது ஐரோப்பா கிளப்புகளுக்கான ஒரு கப்பும் ஜெயிச்சாரு. ஒரே சீசன்ல ரெண்டு கப்பு. சீசன் முடிஞ்சதும் கிளம்புங்கன்னுட்டாங்க, கிளப்புக்குப் புது ஸ்டைல் வேணுமாம், மைஃப்ரெதின்னு வேற கோச்சைக் கொண்டு வந்தாங்க. அடுத்த சீசன்ல யுவென்டஸ் ஏழாவது இடம்.

அதை விட அந்த சீசன் எப்படி ஆரம்பிச்சுச்சுன்னு பாருங்க. சோஃபோட அசிஸ்டெண்ட் கோச் காயெத்தானோ ஷிரேயா. சும்மா அசிஸ்டெண்ட் இல்ல, 82 டீம்ல இவருக்கு முன்னாடி நின்ன டிஃபெண்டர், ரூம்மேட், ரெண்டு பேருமே பேசாத ரகம், அதனாலயே ஒட்டிக்கிட்டாங்க. 1989 செப்டம்பர்ல யூஈஎஃப்ஏ கப்புக்கு எதிர் டீமை நோட்டம் பாத்துட்டு வர போலந்துக்குப் போனவர், திரும்புற வழியில கார் ஆக்சிடெண்ட்ல எறந்துட்டாரு, 36 வயசு. எந்த டீமைப் பாக்கப் போனாரோ அதே டீமோட யுவென்டஸ் ஆடணும். ஆடுனாங்க, ஜெயிச்சாங்க, கடைசில அந்தக் கப்பையே ஜெயிச்சாங்க. இதையெல்லாம் எழுதுறப்ப எனக்கு விரல் நிக்குது, மேல எழுத முடியல.

மூடு மாத்த ஒண்ணு. அப்புறம் சோஃப் ரோம் நகரத்து லாசியோ கிளப்புக்குக் கோச்சா போனாரு, 1992ல அங்க வந்து சேந்தது யாருன்னு நினைக்கிறீங்க, இங்கிலாந்து ப்ளேயர் பால் கேஸ்கோய்ன்! உலகத்துலயே பேசாத மனுசனுக்கு உலகத்துலயே அடங்காத ப்ளேயர். டீம் பஸ்ஸு சுரங்கப் பாதைக்குள்ள போய் வெளிய வந்தா, பக்கத்துல அந்த ஆளு பொட்டுத் துணியில்லாம உக்காந்திருக்கான்னு சோஃபே பின்னாடி சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்காரு. ஆனா அதே ஊரு ரோமா கிளப்பு கூட ஆடுற டெர்பி மேட்ச்ல தோத்துப் போற நேரத்துல தலையால முட்டி சமன் பண்ணதும் அவன்தான். லாசியோவுக்கே கொஞ்ச காலம் பிரசிடெண்டா இருந்துட்டு திரும்பவும் கோச்சா எறங்குனாரு சோஃப், இது எத்தனை பேருக்குத் தெரியும்? கடைசி வேலை 2005ல ஃபியோரென்டினா, கீழ் டிவிஷனுக்கு எறங்காம (ரெலிகேஷன்) கடைசி நாள்ல காப்பாத்திட்டு ஒதுங்கிட்டாரு. மொத மேட்ச்ல அஞ்சு கோல் போட்ட அதே ஊரு.

ஸ்டாம்ப் அண்ணே, அந்த ஸ்டாம்ப் போட்டோ ஒண்ணு போடுங்க ப்ளீஸ்.

ஸ்டாம்ப்_ஆல்பம்:

ஆல்பம் தம்பி வீட்டு பரண் மேல இருக்கு, ஏறுறதுக்கு ஏணி இல்ல. ஞாயித்துக்கிழமை போறேன், எடுத்துப் போடுறேன். பூச்சி அரிச்சிருக்காம இருக்கணும்.