டெல்லி கணேஷை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்களேன்

மேற்கு மாம்பலத்திலிருந்து:

2024 நவம்பர் 9 இரவு டெல்லி கணேஷ் காலமான செய்தி மறுநாள் காலையில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அன்றைக்கு வீட்டில் நடந்த பேச்சைக் கேட்டிருந்தால் போனது சினிமாக்காரர் என்றே உங்களுக்குத் தோன்றியிருக்காது. யாரோ ஒன்றுவிட்ட சித்தப்பா தவறிவிட்ட மாதிரி, எண்பது வயது, கடைசி வரைக்கும் வேலை செய்துகொண்டே இருந்தார் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானூறு படங்களுக்கு மேல் நடித்தவரை இப்படி வீட்டு மனிதராக நினைக்கிறோமே, அது எப்படி நடந்தது என்ற யோசனையில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எனக்கு அவரை முதலில் தெரிந்தது மேடையில். விமானப்படையை விட்டு வந்த பிறகு காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நடித்துக்கொண்டிருந்தார். எழுபதுகளின் சபா நாடகம் எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மேலே தொங்கும் மைக்குகளுக்கு அடியில் வந்து நின்றால்தான் வசனம் பின்வரிசைக்குக் கேட்கும். அதனால் நடிகர்கள் எல்லாரும் சண்டை போடுவதானாலும் அழுவதானாலும் மைக்கைத் தேடி வந்துவிட்டுத்தான் அதைச் செய்வார்கள். இவர் நடந்துகொண்டே முணுமுணுத்தாலும் கேட்கும். குரல் அப்படி. கூட்டம் சிரித்தால் அது அடங்கும்வரை காத்திருப்பார், ஆனால் காத்திருப்பது நமக்குத் தெரியாது. வேட்டியைச் சரிசெய்வார், எதையோ தேடுவார், அதற்குள் சிரிப்பு ஓய்ந்திருக்கும்.

விசு எழுதிய ‘பட்டினப் பிரவேசம்’ நாடகம் இந்தக் குழுவினுடையதுதான். 1977-இல் கே. பாலசந்தர் அதைப் படமாக எடுத்தபோது கணேஷ் சினிமாவுக்குள் வந்தார். பெயருக்கு முன்னால் ‘டெல்லி’யைச் சேர்த்ததும் பாலசந்தர்தான்.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

தாம்பரத்திலிருந்து:

அந்த ‘டெல்லி’யைப் பற்றி நான் சொல்கிறேன். என் அப்பா விமானப்படையில் இருந்தவர். கணேஷ் 1964 முதல் 1974 வரை அதே படையில் வேலை பார்த்தார். இரண்டு போர்கள் நடந்த பத்து வருஷம் அது. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா என்று ஒன்று உண்டு. கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம் பக்கம் குடியிருந்த நம்மவர்களுக்கு வருஷத்தில் சில நாளாவது தமிழ் வசனம் கேட்க வழி செய்தது அந்தச் சபாதான். மேடையில் நின்றவர்களும் எதிரே உட்கார்ந்தவர்களும் மறுநாள் காலையில் ஏதாவது ஒரு மத்திய சர்க்கார் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள். அந்தச் சபாவில்தான் கணேஷ் நடித்தார்.

அப்பா அங்கே அவரைப் பார்த்திருக்கிறார். பின்னாளில் எந்தப் படத்தில் அவர் முகம் தெரிந்தாலும் “நம்ம ஏர்ஃபோர்ஸ் பையன்” என்பார். அந்தப் ‘பையனுக்கு’ அப்போது அறுபது தாண்டியிருக்கும், அப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கணேஷின் இறுதி நிகழ்வில் விமானப்படையினர் வந்து மரியாதை செய்ததை டிவியில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. திரையில் எத்தனையோ ஐயர்களாக வந்த மனிதருக்கு, அவர் முப்பது வயதில் கழற்றி வைத்த சீருடை கடைசியில் வந்து சல்யூட் அடித்தது.

பாளையங்கோட்டையிலிருந்து:

எல்லாரும் மாம்பலம், டெல்லி என்கிறீர்கள். அவர் எங்கள் ஊர்ப்பக்கம். தூத்துக்குடிக்குப் போகிற வழியில் வெளிமான் சரணாலயம் இருக்கிற வல்லநாடுதான் சொந்த ஊர். 1944-இல் பிறந்தபோது அது திருநெல்வேலி ஜில்லா.

என் அனுபவம் ரொம்பச் சின்னது. நெல்லை ஜங்ஷன் நடைமேடையில் பார்த்தேன். ஒரு நடுவயதுக்காரர் அவரைத் தன் ஆபீஸ் ஹெட்கிளார்க்கின் அண்ணன் என்று நினைத்துக்கொண்டு ‘எப்ப வந்தீங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா’ என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கணேஷும் மறுக்காமல் சௌக்கியம் சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் நகர்ந்த பிறகு யாரோ அந்த ஆளிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

எனக்கு வியப்பு அவருடைய பேச்சு. தாமிரபரணிக் கரையில் பிறந்தவர் ‘பசி’யில் மெட்ராஸ் ரிக்‌ஷாக்காரராகப் பேசுவார், இன்னொரு படத்தில் பாலக்காட்டு மலையாளம் கலந்து பேசுவார், எதிலும் எங்கள் நெல்லை எட்டிப்பார்க்காது.

மயிலாப்பூரிலிருந்து, கல்யாணச் சமையல் செய்பவர்:

அந்தப் பாலக்காட்டு ஐயரால் முப்பது வருஷமாகப் படுகிற பாட்டைச் சொல்கிறேன்.

‘மைக்கேல் மதன காம ராஜன்’ 1990-இல் வந்தது. அதில் கணேஷ் பாலக்காட்டுச் சமையல்காரர், கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும். அப்போது நான் மாமாவிடம் கைவேலைக்கு இருந்த பையன். படம் வந்ததிலிருந்து பந்தியில் சாம்பார் வாளியோடு போனாலே யாராவது ஒருவர் இலையில் குனிந்து எதையோ தேடுவார். “மீன் கீன் விழுந்துடலையே?” பக்கத்து இலைக்காரர் சிரிப்பார். நாங்களும் முதல் தடவை கேட்பது போலச் சிரிக்க வேண்டும், தொழில் அப்படி. இன்றைக்கு வரை இது நின்றபாடில்லை. அந்தப் படத்தைப் பார்த்தே இராத வயசுப் பசங்கள்கூடக் கேட்கிறார்கள்.

மாமாவுக்கு முதலில் கோபம். தளிகைக்காரனைக் கேலிப்பொருளாக்கிவிட்டார்கள் என்று படத்துக்கே போகவில்லை. பிறகு வீடியோ கேசட்டில் பார்த்துவிட்டு மனசு மாறினார். காரணம் கிரேசி மோகன் வசனம் இல்லை, கமல் இல்லை. கணேஷ் கோட்டை அடுப்புக்கு முன்னால் நிற்கிற விதம். மேல்துண்டை எங்கே சொருகுகிறார், வேலையாட்கள் பேரில் ஒரு கண்ணும் வீட்டுக்காரர் பேரில் ஒரு கண்ணுமாக எப்படி நிற்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு, “இவன் எவன்கிட்டயோ வேலை பார்த்திருக்கான்டா” என்றார். சமையல்காரனுக்கு மானம் போவது என்றால் என்ன என்று அந்த முகத்துக்குத் தெரிந்திருக்கிறது. வளர்ப்புப் பிள்ளை காமேஸ்வரனைத் திட்டும்போதும் பாசம் ஒரு பக்கம், ‘இந்தப் பயல் என் பேரைக் கெடுத்துடுவானோ’ என்ற பயம் ஒரு பக்கம். மாமாவும் என்னை அப்படித்தான் பார்ப்பார்.

நேரில் பார்த்தது பல வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்தில். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து அந்த ஹாலில் ஒருத்தரும் மீன் ஜோக் அடிக்கவில்லை. பெரிய மனிதர் எதிரில் கூச்சமாக இருந்திருக்கும். நான்தான் சாம்பார் கொண்டுபோனேன். அவர் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கரண்டியைப் பார்த்தார். வாயைத் திறக்கவே இல்லை. அந்த வரிசை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. என் கையிலிருந்த வாளி ஆடியதில் பக்கத்து இலை ரசம் சாதத்திலும் கொஞ்சம் சாம்பார் விழுந்தது.

வடபழனியிலிருந்து, முன்னாள் உதவி இயக்குநர்:

சினிமாவை எல்லாரும் சொல்வார்கள், நான் சீரியல் ஆள். ‘கஸ்தூரி’, ‘செல்லமே’ காலத்தில் அவர் சன் டிவி பார்க்கிற எல்லா வீட்டுக்கும் தெரிந்தவர். நான் வேலை பார்த்த தொடரின் பேர் வேண்டாம், சம்பளப் பாக்கி இன்னும் இருக்கிறது.

சீரியலில் வசனப் பேப்பர் ஸ்பாட்டில்தான் வரும். மை காய்ந்திருக்காது. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ப்ராம்ப்ட் பண்ணுவார், நடிகர்கள் அதைக் காதில் வாங்கி அப்படியே சொல்வார்கள். அதனால்தான் சீரியலில் பாதிப் பேர் பேசுவதற்கு முன்னால் ஒரு நொடி எங்கேயோ வெறிப்பார்கள். கணேஷ் சார் பேப்பரை வாங்கி ஒரு ஓரமாகப் போய்விடுவார். திரும்பி வரும்போது வசனம் அவருடையதாகியிருக்கும், ப்ராம்ப்ட் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவருக்கு க்ளோசப் எடுக்கும்போது பெரிய நடிகர்கள் பெரும்பாலும் நாற்காலிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் வசனத்தை நான் தட்டையாகப் படிப்பேன், அதைக் கேட்டுப் புதுப்பெண் அழ வேண்டும். எப்படி அழுகை வரும்? இவர் கேமரா ஓரத்தில் நின்று தன் வசனத்தை முழு நடிப்போடு அந்தப் பெண்ணுக்குச் சொல்வார். அந்த நடிப்பு எதுவும் படத்தில் வராது. மேடைக்காரர்களின் பழக்கம் அது என்று நினைக்கிறேன், எதிராளி நன்றாகச் செய்தால்தான் தன் காட்சி நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

குரலைப் பற்றி மாம்பலம் ஐயா எழுதியிருந்தார். ‘47 நாட்கள்’ படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழில் குரல் கொடுத்தது யார் தெரியுமா? இவர்தான். தெரிந்த பிறகு பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

கோவையிலிருந்து:

எல்லாரும் சிரிப்பையே பேசுகிறீர்கள். எனக்கு அவரைக் காமெடி நடிகர் என்பதே பிடிக்கவில்லை. துரை இயக்கிய ‘பசி’ 1979-இல் வந்தது. ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம். அதில் அவளுடைய அப்பாவாக வருபவரைப் பாருங்கள், தமிழ்நாடு அரசின் சிறப்பு விருது சும்மா வரவில்லை. ‘சிந்து பைரவி’யின் மிருதங்கம் குருமூர்த்தி குடியால் கெட்ட கலைஞன். ‘நாயகன்’ ஐயர் கூடவே நிற்கிற நிழல். ‘அபூர்வ சகோதரர்கள்’ நான்கு வில்லன்களில் ஒருவர். இப்படிப்பட்டவரைத் தொண்ணூறுகளுக்குப் பிறகு பூணூல் போட்ட மாமா, சமையல்காரர் என்று ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்து மாட்டிவிட்டார்கள். ‘ஆஹா’விலும் சமையல்காரர்தானே?

மேற்கு மாம்பலத்திலிருந்து:

கோவைக்காரர் கோபம் நியாயம். ஆனால் காமெடி நடிகர் என்றால் மட்டம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் சொன்ன அதே ‘பசி’ முகம்தான் ‘தெனாலி’யில் டாக்டர் பஞ்சபூதம். பொறாமையில் வேகிற ஒரு மனிதர், தான் சிரிப்புக்கு ஆளாகிறோம் என்பதே தெரியாமல் வேகிறார். கவுண்டமணி, வடிவேலு வருகிறார்கள் என்றால் நாம் சிரிக்கத் தயாராகிவிடுவோம், அது அவர்கள் பலம். இவர் வரும்போது அப்படி யாரும் தயாராவதில்லை. அவர் தன் கவலையைத்தான் படுவார், சிரிப்பு நம் பக்கம் வந்துவிடும்.

தனி காமெடி டிராக்கும் அவருக்கு இல்லை, படத்தை ஓட்டிப் பார்த்து இவர் பகுதியை மட்டும் வெட்டியெடுக்க முடியாது. டிவி சேனல்களின் நகைச்சுவை நேரத்தில் அவர் அதிகம் வராததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து:

நான் கல்லூரி முடித்த கையோடு நண்பர்களோடு ஒரு குறும்படம் எடுத்தேன். முதலில் அவரைத்தான் கேட்பது என்று முடிவு. குறும்படப் பசங்களுக்கு அவர் கிடைப்பார் என்று அந்த வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ராமாபுரம் வீட்டுக்குப் போனோம். கதையை முழுசாகக் கேட்டார். தேதி ஒத்துவரவில்லை, நடிக்க முடியவில்லை. ஆனால் எங்கள் கதையில் அப்பா ஏன் இத்தனை பேசுகிறார் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அப்பாவின் வசனத்தில் பாதியை வெட்டினோம். படம் சுமார்தான், அந்தப் பாதி மட்டும் தேறியது.

மேற்கு மாம்பலத்திலிருந்து:

நன்றாக வருகிறது, தொடருங்கள். கூடவே ஒரு வேண்டுகோள். எழுபதுகளின் சபா நாடகங்களில் அவர் நடித்ததன் புகைப்படமோ, நோட்டீஸோ, ஒலிப்பதிவோ யாரிடமாவது பரணில் கிடக்கிறதா? குறிப்பாக டெல்லி நாட்களுடையது. தாம்பரம்காரர் அப்பாவின் பெட்டியை ஒருமுறை திறந்து பார்க்கலாம்.