பழைய அபார்த் புன்டோ: முதலில் எதில் கை வைப்பது?

போன மாதம் 2016 மாடல் அபார்த் புன்டோ (ஃபியட் கார்) வாங்கினேன். 1.4 டர்போ பெட்ரோல், 145 குதிரைத்திறன், 82,000 கிலோமீட்டர் ஓடியது. ஊர் திருவையாறு. எஞ்சினில் குறையே இல்லை, பிரச்சினை நிறுத்துவதில்தான். ரோட்டில் காயப்போட்ட நெல் சிதறிக் கிடந்த இடத்தில் லேசாக பிரேக் மிதித்ததற்கே முன்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. டயரில் 2218 என்றிருக்கிறது, அதாவது 2018-இன் 22-ஆவது வாரம். பட்டன் தேயவில்லை, ஆனால் ரப்பரில் நகம் இறங்கவில்லை.

வீல் அலைன்மென்ட், பேலன்சிங், பிரேக் ஆயில் எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறமும் 80-க்கு மேல் போகும்போது அழுத்தி மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. நண்பர்கள் ரீமேப் பண்ணச் சொல்கிறார்கள், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி பவரைக் கூட்டுவது (நிற்காத வண்டிக்கு இன்னும் வேகமா!). கையில் 40,000 ரூபாய்தான்.

முதலில் 195/55 ஆர்16 டயர் நான்கும் மாற்றவா, முன் டிஸ்க்கும் பேடும் மாற்றவா?